விடியும்வரை நீ மறைத்த சேதி

மார்த்தா அம்மா,

பீரோவைத் திறந்தால் இன்னும் உன் வீட்டு வாசம் வருகிறது. நீ எனக்குப் போர்த்திய வெள்ளைத் துணி அதில் இல்லை. அது கைமாறிப் போய் இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது. ஆனாலும் பதினோரு வருஷம் என் பட்டுப் புடவைகளுக்கு நடுவில் கிடந்ததில், வறுத்த காப்பிக்கொட்டையும் சாம்பிராணியும் கலந்த அந்த மணம் எல்லாவற்றிலும் ஏறிவிட்டது. போன வாரம் தம்பி மகள் நிச்சயதார்த்தத்துக்கு அதில் ஒன்றைக் கட்டிக்கொண்டு போனேன். பக்கத்தில் உட்கார்ந்த சம்பந்தியம்மா இரண்டு தடவை மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, "இன்னா சென்ட்டு போட்டிருக்கீங்க? நல்லாருக்கே" என்றாள். எத்தியோப்பியா சென்ட்டு என்றேன். நான் கிண்டல் செய்கிறேன் என்று நினைத்து அந்தம்மா சிரித்தாள். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. கல்யாணக் காரியம் நடக்கும் வீட்டில் அழுதால் நன்றாகவா இருக்கும்? கைகழுவப் போவதுபோல் எழுந்து பின்பக்கம் போய்விட்டேன்.

உன்னைப் பேர் சொல்லி நான் கூப்பிட்டதே இல்லை. உங்கள் ஊரிலும் பிள்ளை பெயரைச் சொல்லி 'அவ அம்மா' என்றுதான் கூப்பிடுகிறார்கள் என்று தெரிந்த முதல் நாளே எனக்குப் பாதி பயம் போய்விட்டது. எங்கள் தெருவிலும் அப்படித்தானே. நீ என்னை 'அக்கா' என்றாய். உன்னைவிட நான் மூன்று மாதம்தான் பெரியவள், ஆனாலும் நீ அதை விடவில்லை. நாம் பேசிக்கொண்டது அரைகுறை ஆங்கிலமும், உன்னிடம் நான் பிடித்துக்கொண்ட அம்ஹாரிக்கும், என்னிடம் நீ பிடித்துக்கொண்ட தமிழுமாகக் கலந்து கட்டிய ஒரு பேச்சு. ஆனால் இப்போது நினைத்துப் பார்த்தால் நீ சொன்னதெல்லாம் என் காதில் ஆம்பூர்த் தமிழாகத்தான் கேட்கிறது. அப்படியே எழுதுகிறேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

நான் அடிஸ் அபாபாவில் வந்து இறங்கியபோது எப்படிப்பட்டவள் என்று உனக்குத்தான் தெரியும். எங்கள் ஷூ கம்பெனி உங்கள் ஊரில் புதிதாக ஒரு யூனிட் தொடங்கியிருந்தது. தையல் லைனுக்கு ஆள் பழக்க ஆம்பூரிலிருந்து ஆறு பேரை அனுப்பினார்கள். ஆண்கள் ஐந்து பேரும் வேறு ஊர் யூனிட்டுக்குப் போய்விட, இங்கே நான் ஒருத்தி. முப்பத்துநாலு வயசு, கல்யாணம் ஆகவில்லை. வீட்டில் எல்லோரும் வேண்டாம் என்றபோது அப்பா மட்டும்தான், "போய்ட்டு வாம்மா, ஊரு ஒலகத்தப் பாரு" என்றார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு விமானம் ஏறியவள், வந்த இடத்தில் டார்கெட்டைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. நாற்பது பெண்கள் உள்ள லைனுக்கு நான் சூப்பர்வைசர். நீ எனக்கு அடுத்த ஆள். என் சத்தத்துக்கு எல்லோரும் பயந்தார்கள், நீ பயப்படவில்லை.

நமக்குள் வந்த முதல் சண்டை ஞாபகமிருக்கிறதா? ஷிப்மெண்ட் போக இரண்டு நாள் இருந்தது. மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு நீ வந்து, அரை நாள் லீவு வேண்டும், எங்கள் வட்டாரத்தில் ஒரு சாவு என்றாய்.

"சொந்தமா?" என்று கேட்டேன்.

"இல்ல. நாலு தெரு தள்ளி ஒரு கெழவி."

"பழக்கமா?"

"பாத்திருக்கேன். பேசினதில்ல."

"அப்புறம் இன்னாத்துக்கு லீவு? முடியாது, போய் மிஷின்ல உக்காரு."

அந்த மூன்று பேரும் போய் உட்கார்ந்துவிட்டார்கள். நீ ஏப்ரனைக் கழற்றி மடித்து என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டாய். மறுநாள் வந்து நின்றவளிடம், வேலை போனால் என்ன செய்வாய் என்று கத்தினேன். நீ நிதானமாகத்தான் பதில் சொன்னாய். "வேலை போனா வேற வேலை தேடிப்பேன் அக்கா. போகாம இருந்தா நான் வேற ஆளாய்டுவேன். அதுக்கப்புறம் என்னைய எங்க தேடறது?"

அன்றுதான் இத்திர் என்ற சொல்லைக் கேள்விப்பட்டேன். சாவுக்கென்றே ஒரு தெருக்கூட்டம். அதற்கென்று சொந்தமாகக் கூடாரம், பெஞ்சுகள், பெரிய பெரிய அண்டாக்கள். யார் வீட்டில் சாவு விழுந்தாலும் உறுப்பினர் அத்தனை பேரும் போய் நிற்க வேண்டும். கூடாரம் போட வேண்டும், வெங்காயம் உரிக்க வேண்டும், மூன்று நாள் அந்த வீட்டு மனிதர்களைத் தனியாக விடாமல் கூட உட்கார்ந்திருக்க வேண்டும். செத்தவர் நல்லவரா கெட்டவரா என்ற கேள்வியே கிடையாது. வராமல் இருப்பவனைத்தான் அங்கே கெட்டவன் என்பார்கள். நான் சிரித்தேன். "சாவுக்குக் கூடவா சங்கம்?" என்றேன். நீ கோபித்துக்கொள்ளவில்லை. அடுத்த மாதமே என்னைக் கேட்காமல் என் பெயரையும் நோட்டில் எழுதிவிட்டு வந்தாய். அதற்கப்புறம் இரண்டு சாவுக்கு வேண்டாவெறுப்பாக வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தேன். யாருக்காக உரிக்கிறேன் என்றே தெரியாமல் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்த என்னைப் பார்த்து, பாவம் வெளிநாட்டுக்காரி இப்படி அழுகிறாளே என்று ஒரு பாட்டி முதுகைத் தடவிக்கொடுத்தாள். வீட்டுக்குத் திரும்பும்வரை நாம் அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

அந்த நாளுக்கு வருகிறேன். பதினோரு வருஷமாக நாம் இருவரும் சுற்றி வளைத்துக்கொண்டு போன நாள் அது.

எங்கள் ஊரில் காலை டீயைக் குடித்துவிட்டுச் சாய்ந்த அப்பா அப்புறம் எழவில்லை. லைனுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது என்பதால் என் போன் வாசலில் வாட்ச்மேனிடம் இருந்தது. அவசரத்துக்கு என்று உன் நம்பரைத் தம்பியிடம் கொடுத்து வைத்திருந்தேன். உனக்கு ஆபீஸ் வேலையும் இருந்ததால் உன் கையில் போன் இருக்கும். தம்பி தனக்குத் தெரிந்த கம்பெனி ஆங்கிலத்தில் உனக்குச் சொல்லியிருக்கிறான்: ஃபாதர் எக்ஸ்பயர்டு, சிஸ்டரை உடனே கிளம்பச் சொல்லுங்கள். நீயும் ஓகே, ஓகே என்றிருக்கிறாய். அன்று இரவு விமானத்தைப் பிடித்தால் மறுநாள் மாலை நாலு மணிக்கெல்லாம் நான் ஆம்பூரில் இருக்கலாம். அதை நம்பித்தான் அப்பாவை ஐஸ் பெட்டியில் வைத்துக் காத்திருந்தார்கள்.

நீ என்னிடம் சொல்லவில்லை.

மதியத்துக்குள் லைனில் நாற்பது பேருக்கும் தெரிந்துவிட்டது, என்னைத் தவிர. அன்று வேலை நடந்த மாதிரி அதற்கு முன்னும் நடந்ததில்லை, பின்னும் நடந்ததில்லை. பேச்சில்லை, தண்ணீர் குடிக்கக்கூட யாரும் எழவில்லை. தப்பென்று ஒரு தையல்கூடத் திரும்பி வரவில்லை. எனக்கு ஒரே சந்தோஷம். "இன்னைக்குத்தான் நீங்க ஆம்பூர் லைன் மாதிரி வேலை செஞ்சிருக்கீங்க" என்று சொல்லி, என் பையிலிருந்த மிட்டாய் பாக்கெட்டைப் பிரித்து ஆளுக்கொன்று கொடுத்துக்கொண்டே வந்தேன். எல்லோரும் வாங்கிக்கொண்டார்கள். ஒருத்தியும் பிரித்து வாயில் போடவில்லை. அது எனக்கு மறுநாள்தான் உறைத்தது.

சாயங்காலம் போனைக் கேட்டால், அது கீழே விழுந்து கண்ணாடி உடைந்துவிட்டது, கடையில் கொடுத்திருக்கிறது, நாளைக்குத்தான் கிடைக்கும் என்றாய். வாட்ச்மேனை நாலு பேர் பார்க்கத் திட்டித் தீர்த்தேன். செய்யாத தப்புக்கு அந்த மனுஷன் தலையைக் குனிந்து நின்றார். பிறகு என்னை வற்புறுத்தி உன் வீட்டுக்குக் கூட்டிப் போனாய். புளித்த தோசை மாதிரி இருக்கும் உங்கள் இஞ்சேராவைப் பிய்த்துக் குழம்பில் தோய்த்து உன் கையாலேயே ஊட்டினாய். அது உங்கள் வழக்கம்தான், பிரியமானவர்களுக்கு ஒரு வாய் ஊட்டுவது. ஆனால் அன்று நீ நிறுத்தவே இல்லை. "போதும்டி, வயிறு வெடிச்சிடும்" என்று நான் சிரிக்க, "இன்னும் ஒரு வாய் அக்கா, இன்னும் ஒரே ஒரு வாய்" என்று நீ ஊட்டிக்கொண்டே இருந்தாய். உன் மடியில் சாய்ந்திருந்த ஒன்பது வயசு மார்த்தா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் தெரிந்திருக்கிறது.

விடிந்தும் விடியாமலும் என் வாடகை வீட்டுத் தகரக் கதவைத் தட்டினார்கள். திறந்தால் வாசல் நிறைய ஆட்கள். எல்லோரும் வெள்ளை போர்த்தியிருந்தார்கள். இத்திர் பெரியவர், லைன் பெண்கள், நான் திட்டிய வாட்ச்மேன், எனக்கு முகமே தெரியாத முப்பது பேர். முன்னால் நீ. உன் தோளிலிருந்த துணியை எடுத்து, அதன் கரை முகத்தருகே வரும்படி என்மேல் போர்த்தினாய். துக்கத்துக்கு மட்டும்தான் அப்படிப் போர்த்துவார்கள் என்று வெங்காயம் உரித்த இடத்தில் பார்த்திருக்கிறேன். பிறகு என் மொழியிலேயே சொன்னாய். "அப்பா போய்ட்டாரு, அக்கா."

விழுந்தேன். விழ விடாமல் எத்தனை கைகள் பிடித்தன என்று தெரியாது. தூரத்தில் நேர்ந்த சாவைச் சம்பந்தப்பட்டவருக்குப் போனில் சொல்லக் கூடாது, தனியாக இருக்கும்போது சொல்லக் கூடாது, முந்தின நாள் வயிறாரச் சாப்பிட வைத்து, தூங்க விட்டு, விடியலில் ஊரைக் கூட்டிக்கொண்டு போய்த்தான் சொல்ல வேண்டும். மெர்தோ என்கிற உங்கள் முறை அது. அன்று அது எனக்குத் தெரியாது. உன் இடுப்பிலிருந்து என் போனை எடுத்துக் கொடுத்தாய். கண்ணாடி முழுசாக இருந்தது. தம்பியைக் கூப்பிட்டேன்.

"இன்னாக்கா, எங்க எறங்கினே? மும்பையா?" என்றான்.

"இங்கதான்டா இருக்கேன். இப்பத்தான்டா சொல்றாங்க."

"நேத்து காலைலயே சொன்னேனேக்கா! நீ ஃப்ளைட்ல இருப்பேன்னு நெனச்சில்ல உக்காந்திருக்கோம்!"

அடுத்த விமானம் அன்று இரவுதான். இன்னொரு நாள் வைத்திருக்க முடியாது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். நாலு மணிக்கு எடுத்தார்கள். உங்கள் இத்திர் கூடாரத்தில் உட்கார்ந்து, விட்டு விட்டு வந்த வீடியோவில் பார்த்தேன். அப்பாவின் முகத்துக்கு நேராகப் போனைப் பிடித்தபோது படம் உறைந்துபோய், யாரோ ஒருவருடைய முழங்கைதான் கடைசிவரை தெரிந்தது.

மூன்று நாள் கூடாரம் இருந்தது. வேகவைத்த கோதுமையும் கடலையும் கொடுத்தார்கள், காப்பி கொடுத்தார்கள். அப்பா எப்படிப்பட்டவர் என்று கேட்டார்கள். தோல் பதனிடும் சுண்ணாம்பில் முப்பது வருஷம் வேலை செய்தவர், கை வெடிக்காமல் இருக்க ராத்திரி தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வார், அந்தக் கையோடுதான் என் தலையைத் தடவுவார் என்றேன். அதைக் கேட்ட ஒரு பெண், எண்ணெய்க் கைக்காரரே என்று அவரை அழைத்து ஒப்பாரி வைத்தாள். ஆம்பூரைத் தாண்டாத ஒரு மனிதருக்கு அடிஸ் அபாபாவில் ஒரு தெருவே அழுதது. அதற்காக உன் காலில் விழலாம் என்று இருந்தது. உன் கன்னத்தில் அறையலாம் என்றும் இருந்தது. இரண்டும் பொய்யில்லை.

கூடாரத்தைப் பிரித்த அன்று உன்மேல் பாய்ந்தேன். "அத மறைக்க நீ யாருடி?"

"தனியா கேட்டுட்டு, தெரியாதவங்க நடுவுல ராத்திரி பூரா ஏரோப்ளேன்ல உக்காந்து அழுதிருப்பியே அக்கா. எதிரிக்குக்கூட நாங்க அப்படிச் செய்ய மாட்டோம்."

"அழுதா அழுதுட்டுப் போறேன்! அவர் மொகத்தப் பாத்திருப்பேன்ல?"

அதற்குப் பிறகு வேலை விஷயம் தவிர உன்னிடம் ஒரு வார்த்தை நான் பேசவில்லை.

பதினாறாம் நாள். எங்கள் ஊரில் அப்பாவுக்குக் காரியம்; முகம் பார்க்காத பிறகு அதற்கு மட்டும் போக எனக்கு மனசு வரவில்லை. மதியச் சாப்பாட்டு நேரம் முடியப்போகும் சமயம் நீ லைனுக்குள் வந்தாய். பிடரியில் ஒரு கல். அம்மிக்கல் பாதி இருக்கும். இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு, இடுப்பை வளைத்து, என் மேஜைக்கு முன்னால் நின்றாய். பின்னால் இத்திர் பெரியவர் இரண்டு பேர். மன்னிப்புக் கேட்பவர் கல் சுமந்து வரவேண்டும், மன்னிப்பவர்தான் அதை இறக்கி வைக்க வேண்டும் என்று யாரோ என் காதில் சொன்னார்கள்.

"உங்க ஊர்ல மொகம் பாக்கறது இவ்ளோ பெரிசுன்னு எனக்குத் தெரியாது அக்கா" என்று தரையைப் பார்த்தபடி சொன்னாய். "தெரியாதுன்றது சாக்கு இல்ல. உன் தம்பியக் கேட்டிருக்கணும். கேக்கல."

நாற்பது பேரும் எழுந்து நின்றுகொண்டிருந்தார்கள். சாப்பாட்டு நேரம் முடிய ஐந்து நிமிஷம் இருந்தது. உன் கழுத்து நடுங்கியது. எழுந்து போய் இறக்கி வைத்தேன். என்ன கனம்! எல்லோரும் கைதட்டினார்கள், நீ என்னைக் கட்டிக்கொண்டு அழுதாய். அந்தக் கல் அதற்கப்புறம் நம் லைன் கதவு காற்றில் அடிக்காமல் இருக்க முட்டுக்கொடுக்கப் பயன்பட்டது. தினமும் அதைத் தாண்டித்தான் உள்ளே போவேன்.

இப்போது உன்னிடம் ஒளிக்க என்ன இருக்கிறது? கல்லைத்தான் இறக்கினேன். உன்னை நான் மன்னிக்கவில்லை.

ஊர் திரும்பினேன். ஆம்பூரில் பழைய கம்பெனி, பழைய சத்தம். ஞாயிற்றுக்கிழமைதோறும் நாலு மணிக்கு உனக்குப் போன் செய்தேன். ஒரு வாரம் விட்டதில்லை. மழை, காய்கறி, லைனில் யார் கல்யாணம், யார் பிரசவம் என்று பேசுவோம். அப்பா பேச்சை மட்டும் எடுக்க மாட்டோம். மார்த்தா வளர்ந்து பெரியவளாகி, அவளுக்கு வேலூர் பக்கம் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்தபோது, "ஒன்ன நம்பித்தான் அனுப்பறேன் அக்கா" என்றாய். வந்த முதல் வாரமே அவளுக்குப் 'பெரியம்மா' என்று சொல்லிக்கொடுத்தேன். ஏலகிரிக்குக் கூட்டிப் போனேன். இந்த மலையெல்லாம் எங்கள் ஊரில் மேடு என்று சொல்லி என் வாயை அடைத்தாள். இரண்டு வருஷத்தில் அவள் பேசும் தமிழைக் கேட்டால் காய்கறிக்காரம்மாவே அசந்துபோவாள்.

அன்று காலை பதினோரு மணி இருக்கும். கட்டிங் மிஷின்கள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். உன் தம்பி போன் செய்தான். அக்கா போய்விட்டாள், தலைவலி என்று படுத்தவள் எழவில்லை, மார்த்தாவுக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும், தனியாகச் சொல்லிவிடாதீர்கள் என்றான்.

சுற்றிலும் நூறு பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். நான் அந்தச் சேதியைத் தனியாகக் கேட்டேன், மார்த்தா அம்மா. காதில் போன், கையில் பாதி வெட்டிய தோல். உட்கார இடமில்லை, சொல்ல ஆளில்லை. ஒரு மனுஷிக்கு இது நடக்கக் கூடாது என்றுதான் நீ அன்றைக்கு ஒரு பகலும் ஓர் இரவும் பொய் சொன்னாய் என்று அந்த இடத்தில்தான் எனக்கு விளங்கியது. பதினோரு வருஷம் எடுத்துக்கொண்ட மரமண்டை நான்.

என்னோடு வேலை செய்யும் நசீமாதான் முதலில் கவனித்தாள். "இன்னாச்சுக்கா? மூஞ்சே சரியில்ல" என்று ஓடிவந்து கையைப் பிடித்து ஓர் அட்டைப்பெட்டிமேல் உட்கார வைத்தாள். அவளிடம் சொன்னேன். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு உன் தம்பியைத் திரும்பக் கூப்பிட்டேன்.

"எப்ப எடுக்கறீங்க?"

"நாளைக்கு மதியம்."

"கூடாது. பொண்ணு வந்து மொகம் பாக்கணும்."

"எங்க வழக்கத்துல அவ்ளோ நாள் வைக்கறதில்லையே அக்கா."

"அப்ப எங்க வழக்கத்துல வைங்க" என்றேன். என் சூப்பர்வைசர் குரல் தானாக வந்துவிட்டது. அவன் பெரியவர்களைக் கேட்டுச் சொல்கிறேன் என்றான். ஒரு மணி நேரத்தில் திரும்பக் கூப்பிட்டான். பெரியவர்கள் ஒத்துக்கொண்டார்களாம். "உங்க பேரு இன்னும் இத்திர் நோட்டுல இருக்கு அக்கா. அவ எடுக்கவே விடல. உறுப்பினர் கேட்டா மறுக்க முடியாதுன்னு பெரியவர் சொல்லிட்டார்."

நீ அதை ஒரு ஞாயிற்றுக்கிழமைகூடச் சொல்லவில்லையே.

நேராக டிராவல்ஸ் கடைக்குப் போனேன். அன்றைய விமானத்தைப் பிடிக்க வழியே இல்லை. மறுநாள் இரவு பெங்களூரிலிருந்து இடம் இருந்தது. ஆக, விடியும்வரை மறைத்தாலும் மார்த்தா எதையும் இழக்க மாட்டாள். இதை மூன்று தடவை அந்தக் கடைக்காரரிடம் கேட்டு உறுதிசெய்துகொண்டேன். டிக்கெட்டைக் கைப்பையில் வைத்த பிறகுதான் மார்த்தாவைக் கூப்பிட்டேன். அவள் சாயங்காலம் வேலூர் லாங் பஜாருக்கு வருவதாகச் சொன்னாள். லீவுக்கு ஊருக்குப் போக இன்னும் ஒரு மாதம் இருந்தது, அதற்குள் உனக்குச் சாமான் வாங்கக் கிளம்பிவிட்டாள்.

தள்ளுவண்டிகளுக்கும் ஸ்கூட்டர்களுக்கும் நடுவில் ஒரு பாத்திரக் கடையில் நின்று உனக்குப் பிரஷர் குக்கர் பார்த்தோம். "அஞ்சு லிட்டர் போதுமா, பெரிம்மா? அம்மா ஒருத்திதானே" என்றாள்.

"ஏழரை வாங்கு. ஆளுங்க ஜாஸ்தி வருவாங்க" என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. நல்லவேளை, அவள் விலை பேசுவதில் மும்முரமாக இருந்தாள். "அம்மா காலைலேர்ந்து போனே எடுக்கல" என்றாள். நெட்வொர்க் இருக்காது என்றேன். பிரியாணிக் கடைக்குக் கூட்டிப் போய் எதிரில் உட்கார வைத்து, என் கையால் ஊட்டினேன். "நானென்ன கொழந்தையா, போதும்" என்று சிரித்தாள். இன்னும் ஒரு வாய், இன்னும் ஒரே ஒரு வாய் என்று நான் சொன்ன குரல் என்னுடையதாகவே இல்லை. அன்று நீ எப்படி அழாமல் இருந்தாய்? எனக்கு அதை மட்டும் சொல்லிக்கொடுக்காமல் போய்விட்டாய்.

நசீமா எட்டுப் பெண்களைத் திரட்டியிருந்தாள். ஒருத்தி மட்டும், "அந்தப் பொண்ண நான் பாத்ததுகூட இல்ல, எனக்கு இன்னா மொறை?" என்று கேட்டாளாம். "மொறை இருந்தாதான் வருவியா? வண்டில ஏறுடி" என்றிருக்கிறாள் நசீமா. கிழக்கு வெளுக்கும்போது மார்த்தாவின் வாடகை வீட்டு வாசலில் நின்றோம். கூட இருக்கும் பிள்ளைகள் இருவருக்கு முன்பே சொல்லிப் பெட்டியைக் கட்ட வைத்திருந்தேன். கதவைத் திறந்த மார்த்தா எங்களைப் பார்த்தாள். விடியலில், வாசலில், இத்தனை பேர். உன் வெள்ளைத் துணி என் கையில். உங்கள் ஊர்ப் பிள்ளைக்கு அதற்குமேல் சொல்லவே வேண்டியதில்லை. ஆனாலும் கரையை முகத்தருகே வரும்படி அவளுக்குப் போர்த்திவிட்டு, உன் தம்பியிடம் கேட்டு மனப்பாடம் செய்திருந்த இரண்டு சொல்லை அவள் மொழியிலேயே சொன்னேன். அவள் விழவில்லை. பத்துப் பேர் பிடித்திருந்தோம்.

மதியம் கார் வரும்போதுதான் கேட்டாள். "நேத்து கடையில நிக்கும்போதே ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

நான் உன்மேல் பாய்ந்ததுபோல அவளும் என்மேல் பாய்வாள் என்று காத்திருந்தேன். டிக்கெட்டை நீட்டினேன். "மொகத்தப் பாப்பே. வெச்சிருக்காங்க" என்றேன். அந்தக் குக்கரையும் தூக்கிக்கொண்டு போனாள், மார்த்தா அம்மா. உனக்காக வந்தவர்களுக்குக் கோதுமையும் கடலையும் அதில்தான் வேகவைத்தார்களாம்.

நாற்பதாம் நாள் முடிந்து திரும்பி வந்தவள் நேராக ஆம்பூருக்கு என்னிடம்தான் வந்தாள். துணியை உன்மேலேயே போர்த்தி அனுப்பிவிட்டதாகச் சொன்னாள். நல்லதுதான் என்றேன். "அம்மா ஒண்ணு சொல்வாங்க, பெரிம்மா" என்றாள். "'அக்கா அன்னிக்குக் கல்லைத்தான் எறக்கினா, என்னை மன்னிக்கல'ன்னு."

உனக்குத் தெரிந்திருக்கிறது. கைதட்டியபோதே தெரிந்திருக்கிறது.

"தெரிஞ்சுமா ஒன்ன எங்கிட்ட அனுப்பிச்சா?"

"நானும் அதான் கேட்டேன். 'மன்னிக்காமலே ஒரு வாரம் விடாம எனக்குப் போன் பண்றவ, உன்னையா விட்டுடுவா'ன்னு கேட்டாங்க."

அன்று நான் அழுததற்குத் துணையாக மார்த்தா இருந்தாள். தனியாக அழவில்லை, நீ கவலைப்படாதே.

இப்போதெல்லாம் லைனில் யாராவது சாவுக்கு லீவு கேட்டு வந்தால் சொந்தமா என்று நான் கேட்பதில்லை. யாருக்காவது கெட்ட சேதி வந்தால், அதை மிஷினில் உட்கார்ந்திருப்பவளிடம் போகிற போக்கில் சொல்ல விடுவதும் இல்லை. முதலில் ஊருக்குப் போக வண்டி, பிறகு பக்கத்தில் நாலு பேர், அப்புறம்தான் சேதி. இது என் வழக்கமா உன் வழக்கமா என்று நசீமா கேட்கிறாள். எனக்கே தெரியவில்லை.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. கல்லைச் சுமந்துகொண்டு உன் முன்னால் வந்து நிற்க வேண்டியவள் நான்தான் என்று தோன்றுகிறது. இறக்கி வைக்க நீ இல்லை.

உன் தம்பி போன ஞாயிற்றுக்கிழமை, நாலு மணிக்குச் சரியாகப் போன் செய்தான். இத்திர் நோட்டைப் புதிதாக எழுதுகிறார்களாம், அக்காவும் இல்லை, நீங்களும் இவ்வளவு தூரத்தில் இருக்கிறீர்கள், பெயரை எடுத்துவிடலாமா என்று பெரியவர் கேட்கிறார் என்றான். எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். வெங்காயம் உரிக்கக் கூப்பிட்டால் வருவேன் என்றும் சொன்னேன்.